தொடர்ச்சியும் வகைமையும்: ஒரு புள்ளியில் இரு சோதனைகள், இரு தமிழ்ச் சொற்கள்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு சார்பு ஒரு புள்ளியில் தொடர்ச்சியானதா, வகையிடத்தக்கதா எனச் சோதிப்பது இன்று கணிதம் பயிலும் தமிழ்வழி மேல்நிலை மாணவர் செய்யும் பயிற்சி. இப்பயிற்சியைத் தமிழில் சொல்வதற்கான சொற்கள் உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மொரப்பூர் அடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தில் 1916இல் தொடங்கிய கலைச்சொல் முயற்சியிலிருந்து இன்றைய பாடநூல் வரையிலான வரலாறு இங்குப் பேசப்படுகிறது. ‘தொடர்ச்சி’ என்னும் வழக்குச் சொல்லும் ‘வகைமை’ என்னும் ஆக்கச் சொல்லும் மாணவரின் சிந்தனையை வெவ்வேறு விதமாக வழிநடத்துகின்றன என்றும், ‘வகையிடு’ என்னும் வினை ‘வகைமை’ என்னும் பண்பை மறைத்துவிடும் இடத்தில்தான் சோதனை பிழைபடுகிறது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: தொடர்ச்சி, வகைமை, வகைக்கெழு, கலைச்சொல்லாக்கம், சேலம், மொரப்பூர், தமிழ்வழிக் கணிதம்

முன்னுரை

சோலையார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் அகலப் பாதையில் அமைந்த நிலையம் மொரப்பூர். 1906இல் இங்கிருந்து தருமபுரிக்குக் குறுகிய இருப்புப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுசெல்ல உதவும் என்ற நோக்கில் போடப்பட்ட கிளைப்பாதை அது. 1913இல் ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டது. அகலப் பாதையின் தண்டவாள இடைவெளி 5 அடி 6 அங்குலம். கிளைப்பாதையின் இடைவெளி 2 அடி 6 அங்குலம். ஆகவே சென்னையிலிருந்து தருமபுரிக்குச் செல்பவர் மொரப்பூரில் இறங்கி வேறு வண்டி ஏறவேண்டும். மூட்டைகளையும் இறக்கி ஏற்றவேண்டும்.

இந்த நிலையத்தைக் கணிதக் கண்ணால் பார்த்தால் ஒரே புள்ளியில் இரு வேறு சார்புகள் தெரிகின்றன. பயணி கடந்த தொலைவுக்கேற்ப அவர் இருக்கும் இடத்தைக் குறித்தால் அச்சார்பில் முறிவு இல்லை; மொரப்பூரில் முடியும் பாதையும் தொடங்கும் பாதையும் ஒரே ஊரில் சந்திக்கின்றன. ஆனால் மேற்கே திரும்பும் அவ்விடத்தில் பயணத்தின் திசை மாறுகிறது. தண்டவாள இடைவெளியைத் தொலைவின் சார்பாகக் குறித்தாலோ மொரப்பூரில் மதிப்பு ஒரேயடியாகத் தாவுகிறது. இடம் தொடர்கிறது, திசை ஒடிகிறது, அகலம் துள்ளுகிறது. ‘தொடர்ச்சியானதா?’, ‘வகையிடத்தக்கதா?’ என்னும் இரு வினாக்களும் தனித்தனியானவை என்பதையும், எந்தச் சார்பைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதையும் காட்ட இதைவிட எளிய எடுத்துக்காட்டு தேவையில்லை.

அப்போது மொரப்பூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல்தான். கிளைப்பாதை ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே மாவட்டத்தின் தலைநகரில், அறிவியலைத் தமிழில் சொல்ல இயலுமா என்னும் வினா அமைப்புரீதியாக எழுப்பப்பட்டது.

சேலம், 1916

சி. இராசகோபாலாச்சாரியும் வெங்கடசுப்பையரும் 1916இல் சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். இராசகோபாலாச்சாரி பிறந்த தொரப்பள்ளியும் அன்றைய சேலம் மாவட்டத்து ஊரே. வழக்குரைஞராகச் சேலத்தில் தொழில் நடத்தியவர் அவர். சங்கத்தின் இதழ் அறிவியல் கலைச்சொற்களுக்கான தமிழ் வடிவங்களை முன்வைத்து விவாதித்தது. புதுச்சேரியில் இருந்த பாரதியும் இம்முயற்சியைக் கவனித்து எழுதினார். சங்கத்தின் பெயரே அதன் மொழிநிலையைச் சொல்லிவிடுகிறது: சாஸ்திரம், பரிபாஷை, சங்கம் ஆகிய மூன்றும் வடசொற்கள். இதற்கு எதிர்நிலையும் அதே மண்ணிலேயே இருந்தது. சேலத்தை அடுத்த பாகல்பட்டியில் பிறந்த பொதுப்பணித்துறைப் பொறியாளர் பா.வே. மாணிக்க நாயக்கர், அறிவியல் சொற்களைத் தமிழ் வேர்களிலிருந்தே ஆக்க இயலும் என்று வாதிட்டுவந்தார்.

இது முதல் முயற்சி அன்று. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய காலமும், வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ எழுதிய காலமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இயற்கணிதம் தமிழில் அச்சேறி அரை நூற்றாண்டு கடந்திருந்தது. ஆயினும் இயற்கணிதத்துக்குச் சொல் காண்பதும் நுண்கணிதத்துக்குச் சொல் காண்பதும் ஒரே தன்மையுடைய வேலைகள் அல்ல. கூட்டல், கழித்தல், வர்க்கம், மூலம் ஆகியவை தமிழ்க் கணக்கு மரபில் ஏற்கெனவே வேரூன்றியவை. எல்லை, தொடர்ச்சி, வகைமை ஆகிய கருத்துகள் ஐரோப்பாவிலேயே அண்மையில்தான் தெளிவுபெற்றிருந்தன.

அந்தத் தெளிவின் காலவரிசை இங்கு முக்கியமானது. நியூட்டனும் லைப்னிட்சும் பதினேழாம் நூற்றாண்டிலேயே வகையிட்டார்கள். ஆனால் ஒரு சார்பு ஒரு புள்ளியில் தொடர்ச்சியானது என்றால் என்ன பொருள் என்பதற்கான ஏற்கத்தக்க வரையறை 1817இல் போல்சானோவிடமும் 1821இல் கோஷியிடமும்தான் கிடைக்கிறது. தொடர்ச்சியான சார்பு சில விதிவிலக்குப் புள்ளிகள் தவிர எங்கும் வகையிடத்தக்கதே என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. ஆம்பியர் 1806இல் அதை மெய்ப்பிக்கவும் முயன்றார். 1872 ஜூலை 18இல் பெர்லின் அறிவியற் கழகத்தில் வெயர்ஸ்ட்ராஸ் எல்லாப் புள்ளிகளிலும் தொடர்ச்சியுடையதாயும் எந்தப் புள்ளியிலும் வகையிட இயலாததாயும் அமைந்த ஒரு சார்பை எடுத்துக்காட்டியபோது அந்நம்பிக்கை முடிவுக்கு வந்தது. செயல் முதலில் வந்தது. அச்செயல் எப்போது செல்லும் என்னும் கேள்வி நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தது.

சேலத்துச் சங்கம் தோன்றிய அதே 1916இல் கேம்பிரிட்ஜில் ஹார்டி, வெயர்ஸ்ட்ராஸ் சார்பைப் பற்றிய தம் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். வெயர்ஸ்ட்ராஸ் வைத்திருந்த கடுமையான நிபந்தனைகளைத் தளர்த்தி, அச்சார்பு எந்த வரம்பு வரை வகையிட இயலாததாகவே நிற்கும் என்பதை அக்கட்டுரை தீர்த்துவைத்தது. அவ்வாண்டு மார்ச்சில்தான் இராமானுசன் அங்கு ஆய்வுப் பட்டம் பெற்றார். அதே காலத்தில் அங்குப் பயின்ற கே. ஆனந்த ராவ் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். தமிழர்கள் இக்கருத்துகளின் நடுவிலேயே இருந்தனர். அவற்றைத் தமிழில் சொல்ல மட்டும் சொல் இல்லை. இந்தியாவில் இத்துறை அயலாகவும் இருக்கவில்லை. இலக்னோ பல்கலைக்கழகத்தின் அவதேஷ் நாராயண் சிங், வகையிட இயலாச் சார்புகளைப் பற்றி 1935இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். விபூதிபூஷண் தத்தாவுடன் சேர்ந்து இந்தியக் கணித வரலாற்றை எழுதியவரும் இவரே.

சேலம் முயற்சிக்குப் பிந்தைய கட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விபுலானந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடியது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் ‘கலைச்சொற்கள்’ தொகுதியை வெளியிட்டது. கணிதம் அதன் துறைகளுள் ஒன்று. 1940இல் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி தலைமையில் அமைந்த அரசுக் குழு வடமொழிச் சார்பான சொற்களை நாடியபோது தமிழறிஞர் எதிர்ப்பு எழுந்தது, குழு மாற்றியமைக்கப்பட்டது. இலங்கையில் 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு தொடங்கிற்று. இத்தனை கட்டங்களையும் கடந்து நிலைத்த சொற்களைத்தான் இன்றைய மாணவர் கையாளுகிறார்.

வகையும் தொகையும்

நிலைத்த சொற்களுள் மிகச் சிறந்தது வகை–தொகை இணை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் என்கின்றன; இலங்கைப் பாடநூல்கள் வகையீடு, தொகையீடு என்கின்றன. கடலின் இரு கரைகளிலும் வேர் ஒன்றே.

இந்தி இதே இடத்தில் ‘அவகலன்’, ‘சமாகலன்’ என்று ஒரே வேருக்கு இரு முன்னொட்டுகள் சேர்த்து இணையை ஆக்கிக்கொண்டது. தமிழ் இணையோ இலக்கண மரபில் ஏற்கெனவே வாழ்வது. தொகை, வகை, விரி என்பது நூல் யாப்பின் அறியப்பட்ட அடுக்கு. சுந்தரரின் திருத்தொண்டத்தொகை தொகை நூல். நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி வகை நூல். சேக்கிழாரின் பெரியபுராணம் விரி நூல். தொகுத்ததை வகுக்கலாம், வகுத்ததைத் தொகுக்கலாம் என்னும் எதிரெதிர் இயக்கம் இச்சொற்களில் உள்ளது. வகையிடலும் தொகையிடலும் ஒன்றையொன்று மீட்கும் செயல்கள் என்பதுதான் நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் சொல்லும் செய்தி. ஆங்கிலச் சொற்களில் அவ்வுறவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. தமிழ்ச் சொற்களில் தெரிகிறது. சொல்லாக்கியோர் இதை எண்ணித்தான் செய்தனரா என்பதைவிட, சொல் அவ்வாறு வேலை செய்கிறது என்பதே மாணவருக்குப் பயன்.

‘வகைக்கெழு’ இன்னும் சுவையானது. ‘கெழு’ என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் நிறம் என்று பொருள் தருகிறது. தமிழ்நாட்டுக் கணிதத்தில் அது மாறியுடன் பெருக்கி நிற்கும் எண்ணைக் குறிக்கும். இலங்கையர் ‘குணகம்’ என்பர். ஆங்கிலேயர் முன்பு ‘டிஃபரன்ஷியல் கோஎஃபிஷன்ட்’ என்று வழங்கியதை அப்படியே பெயர்த்தது வகைக்கெழு. இலங்கையின் வகையீட்டுக் குணகமும் அவ்வாறே. ஆங்கிலம் பின்னர் ‘டெரிவேட்டிவ்’ என்னும் சொல்லுக்கு நகர்ந்தது. இலங்கையும் ‘பெறுதி’ என்று இன்னொரு சொல் ஆக்கிக்கொண்டது. தமிழ்நாடு பழைய சொல்லிலேயே நிற்கிறது. இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ‘கெழு’ ஓர் எண்ணைக் குறிப்பது. அந்த எண் இருக்கிறதா என்பதுதான் வகைமைச் சோதனை. இல்லாத ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அது இருப்பதாகத் தோன்றும் என்னும் இடர் எல்லா மொழிக்கும் பொதுவானது.

‘சார்பு’ பற்றி ஒன்று சொல்லிச் செல்லலாம். ஒன்றைச் சார்ந்து மற்றொன்று அமைவது என்னும் பொருளில் அச்சொல் மணிமேகலையில் பௌத்தத்தின் பன்னிரு நிதானங்களைக் குறிக்க வருகிறது. காரணத்தைச் சார்ந்து காரியம் தோன்றும் என்ற மெய்யியல் கருத்து, மாறியைச் சார்ந்து மதிப்பு அமையும் என்ற கணிதக் கருத்துக்கு இவ்வளவு அருகில் வருவது தற்செயலே. ஆனால் மகிழ்ச்சியான தற்செயல்.

தொடர்ச்சி என்னும் எளிய சொல்லின் இடர்

‘தொடர்ச்சி’ ஆக்கச் சொல் அன்று, அனைவரும் வழங்கும் சொல். அதுவே அதன் வலிமை, அதுவே அதன் இடரும். எழுதுகோலை எடுக்காமல் வரையக்கூடிய வளைவரை தொடர்ச்சியானது என்னும் விளக்கம் வகுப்பறைகளில் பரவலானது. முதல் அறிமுகத்துக்கு அது உதவும். ஆனால் அது ஒரு புள்ளியைப் பற்றிய சோதனை அன்று. முழு வளைவரையைப் பற்றிய படிமம். கணிதத்தில் தொடர்ச்சி என்பது முதலில் ஒரு புள்ளியில் சோதிக்கப்படும் பண்பு. விகிதமுறு எண்ணுக்கு அவ்வெண்ணையே மதிப்பாகவும் விகிதமுறா எண்ணுக்குப் பூச்சியத்தை மதிப்பாகவும் தரும் சார்பு, பூச்சியம் என்னும் ஒரே புள்ளியில் தொடர்ச்சியானது, வேறெங்கும் இல்லை. எழுதுகோலால் அதை வரையவே இயலாது. ‘தொடர்ச்சி’ என்னும் வழக்குச் சொல்லை மட்டும் நம்பியவருக்கு, ஒரு புள்ளியில் மட்டும் தொடர்ச்சி என்பது முரணாகவே கேட்கும். தொடர்வதற்கு இரண்டாவது இடம் ஒன்று வேண்டாமா என்று அவர் கேட்பது நியாயமே. இன்றைய பாடநூல் ‘தொடர்ச்சித்தன்மை’ என்று ஈற்றில் ‘தன்மை’ சேர்ப்பது இந்த இடரை ஓரளவு குறைக்கிறது.

இங்கு வரையறையின் தொடரமைப்பைக் கவனிக்கவேண்டும். வெயர்ஸ்ட்ராஸ் வழியில் வரையறை இரு சிறு எண்களைப் பற்றியது. அவற்றை எப்சிலான், டெல்ட்டா என்பர். மதிப்பில் எவ்வளவு சிறிய பிழை மட்டுமே ஏற்கப்படும் என்பதைச் சொல்வது எப்சிலான். அதற்கு மாறி புள்ளிக்கு எவ்வளவு அருகில் இருக்கவேண்டும் என்பதைச் சொல்வது டெல்ட்டா. இதைத் தமிழில் இருவாறு எழுதலாம்:

எல்லா எப்சிலானுக்கும் ஒரு டெல்ட்டா உண்டு.

எப்சிலான் எதுவாயினும் அதற்கென ஒரு டெல்ட்டா உண்டு.

முதல் தொடர் இரட்டைப் பொருள் உடையது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே டெல்ட்டா உண்டு என்றும் அதைப் படிக்கலாம். அப்படிப் படித்தால் வரையறை அடியோடு மாறிவிடும்: அந்த ஒரே டெல்ட்டாவுக்குள் பிழை எல்லா எப்சிலானையும்விடச் சிறிதாக இருக்கவேண்டும், அதாவது பிழை பூச்சியமாக வேண்டும், அதாவது அப்புள்ளியைச் சுற்றிச் சார்பு மாறிலியாக வேண்டும். ஒரு வர்க்கச் சார்பு கூட அச்சோதனையில் தேறாது. இரண்டாம் தொடரில் ‘எதுவாயினும்’ என்பதன் உம்மை முற்றுப் பொருள் தருகிறது. ‘அதற்கென’ என்னும் சுட்டு டெல்ட்டாவை எப்சிலானுடன் கட்டுகிறது. ஆங்கிலத்தில் சொல்வரிசையை மட்டும் நம்பிச் சொல்லவேண்டியதைத் தமிழ் உம்மையாலும் சுட்டாலும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. கலைச்சொல் பற்றி நூறாண்டுகள் விவாதித்த நாம் கலைத்தொடர் பற்றி அந்த அளவுக்கு விவாதிக்கவில்லை. நுண்கணிதத்தில் பிழை பெரும்பாலும் சொல்லில் நேர்வதில்லை, தொடரில்தான் நேர்கிறது.

இவ்விடத்தில் தமிழ்க் கணக்கு மரபின் நுண்பின்னங்களை நினைப்பது இயல்பு. முந்திரி என்பது 320இல் ஒன்று. கீழ்முந்திரி அந்த முந்திரியில் 320இல் ஒன்று. அதாவது 102400இல் ஒன்று. இத்தகைய பின்னங்களை வாய்பாடாகவே மனனம் செய்த மரபு நுண்மைக்கு அஞ்சாதது. ஆயினும் கீழ்முந்திரி ஓர் எண்; எல்லை என்பது எந்தத் தனி எண்ணும் அன்று, எண்களின் ஒரு போக்கு. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டு நுண்கணிதம் தமிழ்க் கணக்கில் முன்பே இருந்தது எனக் கூறுவது மரபுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. பின்னங்கள் சோதனைக்கான கருவியாகப் பயன்படும் என்பதே சரியான கூற்று. அப்பயன் அடுத்த பகுதியில் காணப்படும்.

வினை பண்பை மறைக்குமிடம்

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கும் வரை இப்பாடங்கள் கல்லூரியைச் சார்ந்தவை. கல்லூரி இருந்த நகருக்குச் சென்றவரே அவற்றைக் கண்டனர். மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளுக்கு வந்தபின் மொரப்பூர் போன்ற சிற்றூர்களின் மாணவரும் தொடர்ச்சிச் சோதனையைத் தம் ஊரிலேயே, தமிழிலேயே செய்யத் தொடங்கினர். கலைச்சொல் வரலாற்றில் இது பெரிய திருப்பம். அறிஞர் அவைகளில் வாதிடப்பட்ட சொற்கள் பதினாறு வயதினரின் தேர்வுத்தாளில் ஏறின.

இன்றைய பதினோராம் வகுப்புப் பாடநூல் மூன்று சொற்களை வேறுபடுத்துகிறது: வகையிடல் என்பது செயல், வகைக்கெழு என்பது அதன் விளைவு, வகைமை என்பது அச்செயல் ஒரு புள்ளியில் செல்லும் என்னும் பண்பு. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதால் வரும் பிழையை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

மாறியை அ என்போம். அ என்பது 1 அல்லது அதற்குக் குறைவாயின் சார்பின் மதிப்பு அ². அ என்பது 1ஐவிட மிகுதியாயின் மூன்று விதிகளைத் தனித்தனியே எடுத்துக்கொள்வோம்: முதலாவது 2அ − 1, இரண்டாவது 3அ − 2, மூன்றாவது 2அ. புள்ளி 1இல் மூன்று சார்புகளையும் சோதிக்கவேண்டும்.

முதலாவதில் 1இல் மதிப்பு 1. வலப்பக்க எல்லை 2 − 1, அதாவது 1. எனவே தொடர்ச்சி உண்டு. இனி ஒரு முந்திரி அளவு வலப்பக்கம் நகர்ந்தால் மதிப்பின் உயர்வை நகர்வால் வகுத்த ஈவு சரியாக 2. இடப்பக்கம் ஒரு முந்திரி நகர்ந்தால் ஈவு 2இலிருந்து ஒரு முந்திரி குறைவு. கீழ்முந்திரி நகர்ந்தால் 2இலிருந்து ஒரு கீழ்முந்திரி குறைவு. இரு பக்கமும் 2ஐ நாடுகின்றன. ஆகவே வகைமை உண்டு, வகைக்கெழு 2.

இரண்டாவதிலும் 1இல் வலப்பக்க எல்லை 1; தொடர்ச்சி உண்டு. ஆனால் இடப்பக்க ஈவு 2ஐ நாட, வலப்பக்க ஈவு 3ஆகவே நிற்கிறது. வளைவரை ஒடிகிறது. தொடர்ச்சி உண்டு, வகைமை இல்லை.

மூன்றாவதுதான் கண்ணி. அவசரக்காரர் இரு துண்டுகளையும் தனித்தனியே வகையிடுவார். இடப்பக்கம் அ²இன் வகைக்கெழு 2அ. 1இல் அது 2. வலப்பக்கம் 2அஇன் வகைக்கெழு 2. இரண்டும் சமம், ஆகவே வகையிடத்தக்கது என்று முடிப்பார். ஆனால் 1இல் மதிப்பு 1, வலப்பக்க எல்லையோ 2. தொடர்ச்சியே இல்லை. வரையறைப்படி வலப்பக்க ஈவைக் கணக்கிட்டால் உண்மை தெரியும்: ஒரு முந்திரி நகர்ந்தால் ஈவு 322, கீழ்முந்திரி நகர்ந்தால் 102402. நகர்வு குறையக் குறைய ஈவு கட்டின்றி வளர்கிறது. வலப்பக்க வகைக்கெழு இல்லவே இல்லை. வலத்துண்டின் சாய்வு 2 என்பது உண்மையே. ஆனால் அது துண்டின் சாய்வு, புள்ளியில் சார்பின் சாய்வு அன்று.

ஒரு புள்ளியில் வகைமை இருந்தால் தொடர்ச்சி இருந்தே தீரும் என்னும் தேற்றம் இங்குக் கைகொடுக்கிறது. தொடர்ச்சி இல்லை என்று கண்டவுடன் வகைமைக் கேள்வி முடிந்துவிடுகிறது. எனவே சோதனைக்கு வரிசை உண்டு: மதிப்பு இருக்கிறதா, இரு பக்க எல்லைகளும் அம்மதிப்புக்குச் சமமா, பின்னர் இரு பக்க ஈவுகளின் எல்லைகள் இருக்கின்றனவா, சமமா. பாடநூல்கள் இவ்வரிசையைத் தருகின்றன. ஆனால் ‘வகையிடுக’ என்னும் ஏவல் பயிற்சித்தாள்களில் எண்ணற்ற முறை வருகிறது. ‘வகைமை உண்டா எனச் சோதிக்க’ என்பது சில இடங்களிலேயே வருகிறது. வினை பழகிப்போன கைக்குப் பண்பு கண்ணில் படுவதில்லை. ஐரோப்பாவில் நூற்றைம்பது ஆண்டுகள் நிகழ்ந்ததும் இதுவே: வகையிடும் விதிகள் கையில் இருந்தன, வகைமை என்னும் வினா எழவில்லை. பாடநூல் பண்பை முதலிலும் செயலைப் பின்னரும் வைத்து வரலாற்றைத் தலைகீழாகச் சொல்கிறது. தேர்வோ மீண்டும் செயலை முன்னே கொண்டுவந்துவிடுகிறது.

இச்சூழலில் ‘வகைமை’ என்னும் சொல்லின் அருமை புலப்படும். முன்பு வழங்கிய ‘வகையிடத்தக்க’ என்னும் தொடர் வினையைத் தன்னுள் வைத்திருக்கிறது. வகையிட்டுப் பார்த்தால் தெரியும் என்னும் எண்ணத்துக்கு அது இடம் தருகிறது. ‘வகைமை’யோ ‘இனிமை’, ‘வலிமை’ போலப் பண்புப்பெயர் ஈறு பெற்றது. செயலுக்கு முன்பே பொருளிடம் உள்ள குணத்தைச் சுட்டுவது. இலக்கியத் திறனாய்வில் இதே சொல் நூல் வகைப்பாட்டைக் குறிக்க வழங்குவதால் மயக்கம் நேரும் என்பர். துறை மாறினால் பொருள் மாறுவது எல்லா மொழிக்கும் இயல்பு, அம்மயக்கம் பொருட்படுத்தத்தக்கதன்று.

சொல் மாறும் நிலையம்

தமிழ்வழி மாணவருக்கு இச்சொற்கள் இரண்டு ஆண்டுகளே துணை வருகின்றன. மேல்நிலைக்குப் பின் பொறியியலோ அறிவியலோ பயிலச் செல்பவர் பெரும்பாலும் அதே கருத்துகளை ஆங்கிலத்தில் மீண்டும் சந்திக்கிறார். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அதே ஆண்டு தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. இவ்விரு ஏற்பாடுகளும் மாற்றத்தின் விளிம்பைத் தொட்டன. பெரும்பகுதி மாணவரின் பயணத்தில் சொல் மாறும் நிலையம் அப்படியே இருக்கிறது.

மொரப்பூரில் வண்டி மாறிய பயணிக்கு இழப்பானது நேரமும் உழைப்பும், சரக்கு இழப்பாகவில்லை. சொல் மாறும் மாணவருக்கும் கருத்து இழப்பாகவேண்டியதில்லை. இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை, ஈவு, புள்ளியில் மதிப்பு என்னும் நான்கையும் வரையறையிலிருந்து செய்து பழகியவர் ஆங்கிலப் பெயர்களை ஒரு வாரத்தில் கற்றுவிடுவார். சொல்லை மட்டும் மனனம் செய்து, துண்டு துண்டாக வகையிடப் பழகியவருக்கு ஆங்கிலத்திலும் அதே மூன்றாம் சார்பின் கண்ணி காத்திருக்கும். தமிழ்வழியால் மாணவர் கணிதத்தில் பின்தங்குகின்றனர் என்னும் குற்றச்சாட்டு, கற்பித்த வரிசையின் குறையை மொழியின்மேல் ஏற்றுவது. மேற்கண்ட எடுத்துக்காட்டு முழுவதும் தமிழ்ச் சொற்களாலேயே நடந்தது, எங்கும் தடையில்லை.

1941இல் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மொரப்பூர்–தருமபுரி குறுகிய பாதை மூடப்பட்டது, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அதே இரு ஊர்களுக்கு இடையே சுமார் 36 கிலோமீட்டர் அகலப் பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அகலப் பாதை வரும்போது தண்டவாள இடைவெளியின் துள்ளல் நீங்கி, மொரப்பூரில் இடப்பக்க, வலப்பக்க எல்லைகள் சமமாகும். பாதையும் ஒடியாமல் வளைந்து பிரியும். ஆகவே திசையிலும் முறிவு இராது. ஆனால் நேர்ப்பாதையின் முனையில் வட்டவில்லை நேரடியாக ஒட்டினால், முதல் எடுத்துக்காட்டில் பரவளையமும் நேர்க்கோடும் 1இல் சந்தித்தது போல, சாய்வு பொருந்தியும் வளைவு பொருந்தாது. அங்கு இரண்டாம் வகைக்கெழு இடப்பக்கம் 2, வலப்பக்கம் பூச்சியம். வேகமாகச் செல்லும் வண்டியில் அவ்வேறுபாடு பக்கவாட்டுக் குலுங்கலாகத் தெரியும். இந்திய இரயில்வே பொறியாளர்கள் நேர்ப்பாதைக்கும் வில்லுக்கும் இடையே முப்படிப் பரவளைய வடிவிலான மாறுநிலை வளைவு ஒன்றைச் செருகுவது இதற்காகவே. அதில் வளைவு பூச்சியத்தில் தொடங்கித் தொலைவுக்கேற்பச் சீராக வளர்கிறது. நேர்ப்பாதை முடிந்து அது தொடங்கும் புள்ளியில் இரண்டாம் வகைக்கெழுவும் பொருந்துகிறது. மூன்றாம் வகைக்கெழு அங்கேயும் துள்ளுகிறது.